முதலில் பம் சத்தத்தைக் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய கார்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்கு நல்ல சந்தோசம். ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் தகட்டு மொறிஸ் மைனர்தான் என் கராஜுக்கு அதிகமாக வருகிறது, முறைப்பாடும் அநேகமாக ஒன்றுதான்: "ஸ்டார்ட் ஆகுது, கொஞ்சத் தூரம் போகுது, மறுகா இழுத்து இழுத்து நிக்குது." உடனே எல்லாரும், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேற்றரைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசியாகக் கழற்றுங்கள், முதலில் பெற்றோல் அதுவரைக்கும் வந்து சேருதா என்று பாருங்கள்.

மொறிஸில் பெற்றோலை டாங்கியிலிருந்து இழுத்துக் கொடுப்பது எஸ்.யு. கம்பனியின் மின்சார பம். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் காதைக் கொடுங்கள். டிக் டிக் என்று வேகமாக அடித்து, காபரேற்றர் கிண்ணம் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்முக்குள்ளே மின்சாரத்தைத் தொட்டு விடுகிற முனை, அதாவது பொயின்ற், கருகியிருக்கும், அல்லது வயர், எர்த் சரியில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் பம்மில் மெதுவாகத் தட்டினால் அடிக்கத் தொடங்கும், வீடு போய்ச் சேர அது போதும், ஆனால் பொயின்ற்றைச் சுத்தம் பண்ணாமல் விட்டால் திரும்பவும் வழியில் நிற்பீர்கள்.

நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறின பிறகு, பக்கத்தில் நெருப்பு, சிகரெட் ஒன்றும் இல்லாமல், காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, கொஞ்ச நேரம் மட்டும் சாவியைத் திருப்புங்கள். பெற்றோல் விட்டு விட்டு, ஆனால் பலமாகப் பாய வேண்டும். நுரையும் குமிழியுமாக வந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது. மொறிஸில் டாங்கி பின்னால், பம் முன்னால், அதனால் காருக்கு அடியால் வரும் நீளக் குழாய் முழுக்க பம் உறிஞ்சுகிற பக்கம். அதில் ஓட்டை விழுந்தால் பெற்றோல் சொட்டுவது குறைவு, காற்றுத்தான் உள்ளே போகும். கீழே ஈரமில்லை, ஆகவே குழாய் சரி என்று நினைத்து ஏமாறுகிற இடம் இதுதான். நம்முடைய கடல் காற்றுக்கு அடிக்குழாய் உக்கிப்போவதில் ஆச்சரியமில்லை, கிளிப் போட்டிருக்கும் இடங்களைக் கட்டாயம் கையால் தடவிப் பாருங்கள். ரப்பர் குழாயும் அப்படித்தான், வெளியே பளபளப்பாக இருக்கும், உள்தோல் உரிந்து வழியை மூடியிருக்கும்.

போத்தலில் முதலில் நல்லாய்ப் பாய்ந்து, பிறகு மெலிந்து நின்றால் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது, ஒரு ஊசியால் முடிகிற வேலை. போத்தலின் அடியில் செந்தூள் தேங்கினால் டாங்கி துருப்பிடித்து விட்டது. 2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காக நிறுத்திவைத்த கார்களில் இது அதிகம், பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரி மணக்கும். அதை ஊற்றிவிட்டு, டாங்கியை இறக்கிக் கழுவாமல் புதிது அடித்துப் பிரயோசனமில்லை.

சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இன்னொன்று. மொறிஸில் காபரேற்றர் சைலன்சர் குழாய்க்கு மேலேயே இருக்கிறது, வெயிலில் நிறுத்தி உடனே எடுத்தால் பெற்றோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைத்துவிடும். பொனற்றைத் திறந்து வைத்துப் பத்து நிமிசம் காத்திருங்கள், குழாயிலும் பம்மிலும் ஈரத்துணி போடலாம். ஆனால் சூட்டில் மட்டும் நின்று ஆறினால் ஓடுகிற கார் என்றால் ஸ்பாக் உண்டாக்க உதவுகிற கொயிலையும் கண்டென்சரையும் சந்தேகப்படுங்கள். நின்ற உடனே ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பாக் இருக்கா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் இப்போது காபரேற்றருக்கு வரலாம். ஏர் பில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள், வழுக்கி வந்து டொக் என்று விழ வேண்டும். பிடித்தால் பெற்றோல் துணியால் துடையுங்கள், மணல் தாள் மட்டும் வேண்டாம், அந்த இடைவெளி அவ்வளவு நுணுக்கமானது. மேலே உள்ள மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கா என்றும் பாருங்கள், அது வற்றினால் அக்சிலேற்றரை மிதிக்கும்போது எஞ்சின் திக்கும். கிண்ணம் வழிந்தால் ஊசி வால்வில் தூசி, அல்லது மிதவையில் ஓட்டை. மிதவையைக் காதருகே ஆட்டுங்கள், உள்ளே பெற்றோல் தளும்பினால் மாற்ற வேண்டியதுதான்.

வொக்ஸ்வாகன் பீட்டில், ஃபோர்ட் அங்க்லியா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உங்களுடைய பம் எஞ்சினோடு பொருத்தினது, அதற்குள்ளே மேலும் கீழும் அசைகிற தோல், அதாவது டயபிரம், கிழிந்தால் பெற்றோல் எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கும். எண்ணெய் மட்டம் பார்க்கிற கம்பியை இழுத்து மணந்து பாருங்கள், பெற்றோல் மணந்தாலோ, எண்ணெய் மட்டம் கூடியிருந்தாலோ ஸ்டார்ட் பண்ணாமல் இழுத்துக்கொண்டு கராஜுக்கு வாங்க.