தேங்காய் எண்ணெய் காறுறதும் சவர்க்காரம் நுரைக்கிறதும்

வணக்கம் மக்கள், எல்லாரும் எப்பிடி இருக்கிறியள்? பின்னுக்குக் கேக்கிறது கடல் சத்தம். திருகோணமலை உப்புவெளியில எங்கட வீட்டுக் கிணத்தடியிலதான் நிக்கிறன். காத்து மைக்குக்குள்ள போனாக் கோவிக்காதேங்கோ. இண்டைக்குச் சீனியையும் தேங்காய் எண்ணெயையும் சேத்து, எங்கட கிணத்துத் தண்ணியிலயும் நுரைக்கிற சாமான் செய்யேலுமோ எண்டு பாப்பம்.

முதல்ல இந்த ரெண்டு சோடாப் போத்தலையும் பாருங்கோ. ஒண்டில எங்கட கிணத்துத் தண்ணி. மற்றதில பீலியால பிடிச்சு வைச்ச மழைத் தண்ணி. ரெண்டுக்கும் ஒரே அளவு சவர்க்காரம் சீவிப் போட்டிருக்கிறன். இப்ப குலுக்குறன். ம்... மழைத் தண்ணிப் போத்தல் கழுத்து மட்டும் நுரை. கிணத்துத் தண்ணி? கிட்டக் காட்டுறன், ஃபோகஸ் ஆகுதில்லை, நில்லுங்கோ. இந்தா. நுரையைக் காணேல்லை, திரைஞ்ச பால் மாதிரி வெள்ளை வெள்ளையா மிதக்குது. கரையோரத்தில கிணறு வைச்சிருக்கிற ஆக்களுக்கு இது தெரியும். எவ்வளவு போட்டு உரஞ்சினாலும் தலையில பிசுக்குத்தான் மிஞ்சும்.

ஏன் இப்பிடி? சவர்க்கார மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். வால் எண்ணெயைப் பிடிக்கும், தலை தண்ணியைப் பிடிக்கும். வால் எங்கட தேங்காயிலயிருந்தும் வரும். தேங்காய் எண்ணெயில கிட்டத்தட்டப் பாதி லோரிக் அமிலம், 12 காபன் நீளமான வால். தலையில மறை ஏற்றம் இருக்கு. கிணத்துத் தண்ணியில இருக்கிற கல்சியம் வந்து ஒரே நேரத்தில ரெண்டு தலையைப் பிடிச்சிரும். பிறகு அது கரையாது. அந்த வெள்ளை அதுதான்.

அப்ப தலையை மாத்தினா என்ன? ஏற்றமே இல்லாத, ஆனா தண்ணியில நல்லாக் கரையிற ஒரு தலை. சீனி! சீனித் தலைக்குக் கல்சியம் பக்கத்தால போனாலும் கவலை இல்லை. சீனியும் தேங்காய் வாலும் சேந்தா எசுத்தர் எண்ட ஒரு சேர்வை வரும், பெற்றோலியக் கிணத்துப் பக்கமே போகத் தேவையில்லை. இது புதுச் சாமானும் இல்லை. ஐஸ்கிறீம், கேக் சாமான்ர பெட்டியில 473 எண்ட இலக்கத்தைக் கண்டா, அது சீனியும் கொழுப்பமிலமும் சேந்த எசுத்தர்தான்.

சரி, எப்பிடிச் சேக்கிறது? நான் ஒரு மடையன் வேலை பாத்தன், சொல்லுறன். தாச்சியில தேங்காய் எண்ணெயை ஊத்தி, சீனியைக் கொட்டி, அடுப்பில வைச்சுக் கிண்டினன். சீனி அடியில மணல் மாதிரிக் கிடந்துது, எண்ணெய் மேல சும்மா நிண்டுது. ரெண்டும் ஆளை ஆள் திரும்பியும் பாக்கேல்லை. சூட்டைக் கூட்டினன், சீனி கருகி அடிப்பிடிச்சுது. அம்மா அந்தத் தாச்சியைப் பாத்துச் சொன்னதை இதில போடேலாது. தயவு செய்து நீங்கள் செய்யாதேங்கோ, சூடான எண்ணெய் விளையாட்டில்லை.

தொழிற்சாலையில கரைப்பானும் காரமும் சூடும் குடுத்துச் சேக்கிறாங்கள். ஆனா அங்கயும் சீனி மண்ணிறமாகிறது ஒரு தொல்லை. இன்னொரு தொல்லையும் இருக்கு. எங்கட சீனி எண்டது சுக்குரோசு, அதின்ர ஒரு மூலக்கூறில வால் ஒட்டக்கூடிய இடம் எட்டு. காரத்துக்கு இது தலை, இது கால் எண்டு தெரியாது, கண்ட இடத்திலயும் ஒட்டும். மூண்டு நாலு வால் ஒட்டினா அது எண்ணெய்க் கட்சிக்குப் போயிரும். பிறகு எங்க நுரைக்கிறது?

இப்ப மூண்டாவது போத்தலுக்கு வருவம். இது போன மாரியில மூடி சரியா இறுக்காமத் தண்ணி உள்ள போன தேங்காய் எண்ணெய். மணந்து பாத்தா, ஐயோ, காறல். நாக்கில ஒரு சொட்டு வைச்சா என்ன ருசி தெரியுமோ? சவர்க்கார ருசி! உண்மையாத்தான். ஈரம் பட்ட கொப்பராவிலயும் எண்ணெயிலயும் பூஞ்சணம் வந்தா அது லிப்பேஸ் எண்ட நொதியத்தை, அதாவது என்சைமை, விடும். எங்கட வயித்திலயும் கொழுப்பைச் சமிபாடு அடையச் செய்யிறது லிப்பேஸ்தான். அது எண்ணெயில வாலைப் பிடிச்சு, ஒரு தண்ணி மூலக்கூறைச் செருகி, வெட்டி விட்டுரும். வெட்டுப்பட்டு வெளியில வந்த வால்தான் மணக்கிறது.

இண்டைய கதையின்ர உயிர் இதிலதான். லிப்பேஸ் கத்திரிக்கோல் மட்டும் இல்லை, ஊசியும் அதுதான். தண்ணி நிறைய இருந்தா வெட்டும். தண்ணியை எடுத்துட்டா அதே ஆள் தைக்கும். நொதியம் எண்டாத் தண்ணிக்குள்ளதான் வேலை செய்யும் எண்டுதான் கனகாலம் நினைச்சவை. 1984இல அமெரிக்காவில சக்ஸ், கிளிபனோவ் எண்ட ரெண்டு பேர், பண்டியின்ர கணையத்தில எடுத்த லிப்பேஸைத் தண்ணி அனேகமா இல்லாத சேதனத் திரவத்துக்குள்ள போட்டு, 100 பாகை செல்சியஸில வேலை செய்ய வைச்சுக் காட்டினவை. அவிச்ச முட்டை மாதிரி நொதியமும் அவிஞ்சு போகும் எண்டுதானே நாங்கள் படிச்சம்? குலைஞ்சு போறதுக்கும் தண்ணி வேணும். உலர்ந்த இடத்தில அது விறைச்சு நிக்கும், லேசில குலையாது.

இப்ப இந்த வேலைக்கு எல்லாரும் தேடுற லிப்பேஸ் ஒரு மதுவத்தின்ர, அதாவது ஈஸ்டின்ர. பேர் கன்டிடா அந்தாட்டிக்கா. பேரிலயே இருக்கு, அந்தாட்டிக்காவில எடுத்தது. பனிக்கட்டி ஊர்க்காரன், ஆனா 60, 70 பாகையில சோராம வேலை செய்யிறான். அவனை ரவையை விடக் கொஞ்சம் பெருசான பிளாஸ்டிக் மணியில ஒட்டி வைச்சிருப்பினம். வேலை முடிய வடிச்சு எடுத்து, திருப்பிப் போடலாம். முக்கியமா ஆள் இடம் பாத்து ஒட்டுவான். குளுக்கோசு குடுத்தா அனேகமா ஆறாவது காபனிலதான் வாலைத் தைப்பான். மற்ற இடங்கள் சும்மா இருக்கும், தண்ணியைப் பிடிக்க.

அப்ப ஏன் கடையில மலிவா இல்லை? ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தண்ணி மூலக்கூறு வெளியில வரும். அதை அப்பிடியே விட்டா, தைச்ச கையாலயே வெட்டத் தொடங்கிருவான். அதால வெற்றிடம் வைச்சு இழுக்கோணும், இல்லாட்டி தண்ணி குடிக்கிற மணி போடோணும். ஒட்டத் துடைச்சாலும் பிழை, நொதியத்தில சின்ன ஈரப் படலம் இல்லாட்டி அது அசையவே அசையாது. அதோட என்ர தாச்சிப் பிரச்சினை அங்கயும் இருக்கு. சீனியையும் எண்ணெயையும் ஒண்டாக் கரைக்கிற திரவம் வேணும், பிறகு அதைப் பிரிச்சு எடுக்கவும் வேணும். காசு போற இடம் அதுதான். என்னைக் கேட்டா, நொதியத்தின்ர விலையை விட இதுதான் பெரிய முடிச்சு. அழகுசாதனத்துக்குப் போடுற சில எசுத்தர்களை லிப்பேஸால செய்து விக்கிறாங்கள்தான். அங்க சீனி இல்லை, எண்ணெயோட கலக்கிற அற்ககோல், அதால லேசு.

சீனித் தலைக்கு இன்னொரு நொதிய வழியும் இருக்கு. கந்தளாய், மூதூர் பக்கம் வயல் வெட்டினாப் பிறகு வைக்கோலைக் கொளுத்துறதைப் பாத்திருப்பியள். அந்த வைக்கோலுக்குள்ள சைலான் எண்ட சீனிச் சங்கிலி இருக்கு. கரும்புச் சக்கையிலயும் இருக்கு. சைலனேஸ் எண்ட நொதியம் அந்தச் சங்கிலியை வெட்டேக்க, வெட்டின துண்டைத் தண்ணி பிடிக்க முதல் ஒரு அற்ககோல் வாலாப் பிடிச்சா, நேராச் சீனித் தலை வைச்ச சாமான் வரும். சின்ன அற்ககோலோட நல்லா நடக்கும். நீள வால் வைச்சதோட இழுபறி, ஏனெண்டா அது தண்ணியில கரையாது. ஆனாலும் கொளுத்திற சாமானில செய்யிறது எண்டதால எனக்கு இந்த வழியிலதான் ஆசை.

கேள்வி ஒண்டு எப்பவும் வரும்: தோடம்பழத் தோலையும் சர்க்கரையையும் ஊறப் போட்டு 'பயோ என்சைம்' செய்யிறமே, அது இதுதானோ எண்டு. இல்லை. அது பெரும்பாலும் வினாகிரி மாதிரிப் புளிச்ச தண்ணி. கல்சியக் கறையைக் கழட்டும், நல்லம். எண்ணெய்ச் சட்டிக்கு அதை நம்பாதேங்கோ.

கடைசியா இது. டெசைல் குளுக்கோசைட்டு, சாம்பு செய்யிற ஒரு தோழி தந்தவ. சீனித் தலைதான், ஆனா நொதியத்தால செய்ததில்லை. 1893இல எமில் ஃபிஷர் எண்ட ஜேர்மன் இரசாயனவியலாளர் காட்டின, சீனியையும் அற்ககோலையும் அமிலத்தால சேக்கிற வழியின்ர பேரப்பிள்ளை. அதே கிணத்துத் தண்ணியில ரெண்டு சொட்டு விடுறன்... குலுக்குறன்... பாருங்கோ! பாருங்கோ நுரையை! வெள்ளைத் துண்டு ஒண்டும் இல்லை.

சரி, அம்மா கூப்பிடுறா, மோட்டர் போடவாம். காறின எண்ணெயை எறிய வேண்டாமாம், விளக்குக்கு வைக்கட்டாம். அடுத்த வீடியோவில சந்திப்பம், வாறன்.