காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் கீமோ வார்டில், அதாவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் வார்டில், நர்ஸ். புற்றுநோயைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நோயைப் பற்றி டாக்டர்கள் நிறையப் பேசியாயிற்று, மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு நடப்பதைப் பேசுகிறேனே என்றேன், சரி என்றார்கள்.

மருந்து ஏறும் நாளில் எங்கள் கண் முன்னாலேயே இருக்கிறீர்கள். அவஸ்தை பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். அப்போது பார்க்க வருகிற சொந்தக்காரர் ஒருவர், "மருந்து வேலை செய்தால் உடம்பு படுத்தத்தான் செய்யும், பொறுத்துக்கோம்மா" என்பார். இதை நம்பாதீர்கள். ஒரு தடவைகூட வாந்தி எடுக்காதவருக்கும் மருந்து நன்றாகவே கேட்கும், முடி கொட்டாத கீமோவும் இருக்கிறது. மருந்து கேட்கிறதா என்று பார்க்க ஸ்கேனும் பரிசோதனைகளும் இருக்கின்றன, நீங்கள் படும் பாட்டை வைத்து யாரும் கணக்குப் போடுவதில்லை. நம் பெண்கள்தான் இதில் ரொம்ப மோசம்: டாக்டர் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள், வெளியே வந்து என்னிடம் மட்டும், வாயெல்லாம் புண், சோறே இறங்கவில்லை சிஸ்டர் என்பார்கள். அதை உள்ளேயே சொல்லியிருந்தால் மருந்தின் அளவைக் குறைப்பதா, அடுத்த ஊசியைத் தள்ளிப்போடுவதா என்று அவர் யோசித்திருப்பார்.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களைத்தான் தாக்கும். புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. ஆனால் முடியின் வேர், வாய், குடலின் உள்பக்கம், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை இவையும் அப்படித்தான். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் வெந்துபோகிறது, வயிறு போகிறது. முடி சிகிச்சை முடிந்து சில மாதங்களில் பெரும்பாலும் வளர்ந்துவிடும். நாங்கள் பயப்படுவது மஜ்ஜைக்கு. பல மருந்துகளில், ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் ரொம்பக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் சாதாரணக் கிருமிகூட உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

ஆகவே வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டால், இரவு இரண்டு மணி ஆனாலும் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அது சூட்டை இறக்கிக் காட்டும், கிருமி உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குளிர் நடுக்கம் இருந்தால் தெர்மாமீட்டரில் ஒன்றும் காட்டாவிட்டாலும் போங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக "கீமோ போட்டிருக்கிறது, இன்ன தேதியில்" என்று சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். உங்களுக்கு ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. "அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள், ரத்தக் குறைவுக்கு மருந்து ஏற்றுவதாகத்தான் சொல்லியிருக்கிறோம்" என்று பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பாசம்தான், புரிகிறது. ஆனால் தனக்கு என்ன ஏறுகிறது என்று தெரியாத அம்மா, காய்ச்சலுக்குக் கஷாயம் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார், பிள்ளைகளை எழுப்பக்கூட மாட்டார். என் அனுபவத்தில், நிறையப் பேர் முன்பே ஊகித்துவிடுகிறார்கள். வீட்டார் பயப்படுவார்களே என்று அவர்களும் நடிக்கிறார்கள்.

வாந்திக்கு இப்போது நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன, ஆனால் வாந்தி வருவதற்கு முன்பே போட வேண்டும், எழுதிக்கொடுத்த நேரப்படி. ஆன்டன்செட்ரான் என்கிற வாந்தி மாத்திரை மலச்சிக்கல் பண்ணும், அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் ஸ்பூன் ஆப்பச்சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு அடிக்கடி கொப்பளிக்கலாம். சிவப்பு மருந்து போட்டவர்களுக்குச் சிறுநீர் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். ஆக்ஸாலிபிளாட்டின் என்கிற கீமோ மருந்து போட்டவர்கள் ஃபிரிட்ஜைத் திறந்து ஜில்லென்று எதையும் தொடக்கூடாது, விரலில் ஷாக் அடித்தாற்போல் இருக்கும். பாக்லிடாக்ஸல் என்கிற மருந்தில் கால் மரத்துச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் போகலாம், அப்படி ஆரம்பித்தவுடனேயே சொல்லிவிடுங்கள். மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடத்தில் எரிந்தால் உடனே குரல் கொடுங்கள், ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சில மருந்துகள் சதையையே புண்ணாக்கிவிடும்.

மாதுளையும் பீட்ரூட்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அவை வெள்ளை அணுக்களை ஏற்றாது. அதற்குத் தனி ஊசி இருக்கிறது, போட்டால் எலும்பு வலிக்கும், பயப்பட வேண்டாம். முட்டை, பருப்பு, மீன் எதுவானாலும் நன்றாக வெந்திருக்கட்டும். நாட்டு மருந்து எடுப்பதாக இருந்தால் மறைக்காதீர்கள், திட்டினால் திட்டட்டும். சில மூலிகைகள் கீமோவோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கும்.

கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்துக்கொள்பவர்கள் பேரக்குழந்தைகளைத் தூக்கலாமா என்று கேட்பார்கள். வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கிற கதிர்வீச்சு என்றால் தாராளமாகத் தூக்கலாம், உடம்பில் எதுவும் தங்காது. கதிர் படுகிற இடத்தில் தைலம், பவுடர் பூசாதீர்கள். அங்கே பேனாவில் போட்டிருக்கும் கோடுகளைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள், அழிந்தால் திரும்ப அளந்து போட வேண்டியிருக்கும்.