பேச்சுத்துணையோடு பிரிக்ஃபீல்ட்ஸில்

அவைக்கு வணக்கம். உடம்பைக் குறைக்க நடப்பதைப் பற்றி நான் பேச வரவில்லை. அதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது வேறு நடை. கையில் பை இல்லை, போய்ச் சேர இடமில்லை, கூட ஒரு கூட்டாளி, அவ்வளவுதான்.

கடையில் எதிரெதிரே உட்கார்ந்தால் ஏதாவது பேசியாக வேண்டும். தே தாரேக் தேநீர் ஆறுவதற்குள் இருவர் கையிலும் கைப்பேசி வந்துவிடும். நடக்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. பேச்சு தீர்ந்துபோனால் தெரு எடுத்துக் கொடுக்கும்.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தையே பாருங்கள். வெளியூர்க்காரர்கள் துன் சம்பந்தன் சாலையில் பூவும் புடவையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நாங்கள் உள்ளே நுழைவோம். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்பு ஓலைக் கூரையும் மரச்சுவரும் இனி ஆகாது, செங்கல்லும் ஓடும்தான் என்று அப்புறம் முடிவானது. அந்தச் செங்கல்லுக்குச் சூளை போட்ட இடம் இது. பிறகு ரயில்வே வந்தது. நம்மவர்களும் இலங்கைத் தமிழரும் குடியேறினார்கள். என் கூட்டாளி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. இருந்த இடத்துக்கு வந்தால் மட்டும் அவர் நடை தானாகத் தளரும். நான் எதுவும் கேட்பதில்லை.

சரி, தரையைப் பார்ப்போம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதனால் நடைபாதையில் மஞ்சள் கற்கள் பதித்திருக்கிறார்கள். கோடு கோடாக மேடிட்டிருந்தால் நேரே போகலாம். புள்ளி புள்ளியாக இருந்தால் நின்று கவனிக்க வேண்டும். செருப்புக் காலிலேயே வித்தியாசம் தெரியும். காரில் போகிறவருக்கு இது தெரியாது. அவருக்கு நடைபாதை என்றாலே பார்க்கிங்!

ஒரு சாயங்காலம் அந்தக் கல்வரிசை மேலேயே ஒரு வேன் நின்றது. நாங்கள் ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போய்விடலாம். வெள்ளைக்கோலோடு வருகிறவர் என்ன செய்வார்? வேன்காரரிடம் கேட்டேன். "அஞ்சு நிமிஷம்தானே சார்" என்றார்.

கூட்டாளி விடவில்லை. "அண்ணே, அந்த அஞ்சு நிமிஷம் நீங்க கண்ணை மூடிக்கிட்டு இதுல நடந்து பாருங்களேன்."

வேன் நகர்ந்தது. மறுநாள் எங்கே நின்றது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.