மர்மம் இருக்கும் இடம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மர்மக் கதை, மர்ம நாவல் என்று வாய் ஓயாமல் சொல்கிறோம். மர்மம் என்றால் என்ன? வடமொழியில் மர்மன் என்பது, அடிபட்டால் உயிருக்கே ஆபத்தாகும் உடம்பின் இடம். பழைய மருத்துவ நூலான சுசுருத சம்கிதை அப்படி 107 இடங்களை எண்ணி வைத்திருக்கிறது. நாஞ்சில் நாட்டு ஆசான்கள் அதையே வர்மம் என்பார்கள். உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அவ்வளவு கடுமையில்லாத தொடுவர்மம் 96. பழந்தமிழில் மருமம் என்று வந்து மார்பையும் குறித்தது. உயிர்நிலை என்பது மறைத்துக் காக்க வேண்டியதுதானே? அந்தச் சொல்லுக்கே இரகசியம் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது.

இதைப் பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வளர்ந்த உங்களிடம் சொல்வது எனக்கு எளிது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா பாலுக்காக மரப்பட்டையை வெட்டுவார். நான் கூடவே போய், பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைப்பேன். பால் அதிகம் ஊறுவது பட்டையின் உட்புறத்தில், மரத்தை ஒட்டி. உளி அதுவரை போக வேண்டும், மரத்தைத் தொடக் கூடாது. நூலளவு கூடிப்போனால் காயம். அப்புறம் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே உளி சரியாக ஓடாது. கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லை அம்மாவின் மணிக்கட்டுக்குத் தெரியும். மர்மக் கதை எழுதுகிறவருக்கும் அந்தக் கை வேண்டும் என்பேன். அத்தியாயத்துக்கு அத்தியாயம் உண்மையை ஒட்டியே சீவிக்கொண்டு போக வேண்டும், கடைசி வரை அதைத் தொட்டுவிடாமல்.

இத்தாலியில் இவ்வகைக் கதைக்கு 'ஜல்லோ' என்று பெயர். மஞ்சள் என்று பொருள். மிலானின் மொந்தாதோரி பதிப்பகம் 1929இல் மஞ்சள் அட்டையோடு தொடங்கிய நூல் வரிசையால் வந்தது. கடைக்காரர் அட்டையைக் காட்டி விற்ற பெயர் அது. எனக்கு நம் சொல்லே பிடித்திருக்கிறது.

துப்பறியும் கதை என்றும் சொல்கிறோம். துப்பு என்றால் வலிமை, திறமை. 'துப்புக் கெட்டவன்' என்று திட்டுகிறோமே, அதே துப்பு. "துப்பார்க்குத் துப்பாய" என்ற குறளில் அது உணவு. தடயம் என்ற பொருளும் அதற்கு உண்டு.

தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் பாட்டி ஒரு கதை சொல்வார். ராட்சசனை வெட்டினாலும் சாக மாட்டான். அவன் உயிர் ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும். அந்தக் கிளி எங்கே என்று கேட்டுக் கேட்டு நாங்கள் தூங்க மாட்டோம். நான் கேட்ட முதல் மர்மக் கதை அதுதான்.