ஆ மெங்கைத் தெரியும், உபின் புல்புல்லைத் தெரியுமா?

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் வளர்ந்தவர்களிடம் ஆ மெங் யாரென்று சொல்லவே வேண்டாம். 2008இல் அந்த உராங் உத்தான் இறந்தபோது, விலங்கியல் தோட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்த வந்தார்கள். ஆனால் உராங் உத்தான் இனத்தின் அளவுக்கே அழியும் ஆபத்தில் இருக்கும் ஒரு பறவை, வைக்கோல்தலைப் புல்புல் (Straw-headed Bulbul), நம் ஊரிலேயே, புலாவ் உபின் தீவிலும் புக்கிட் தீமா பக்கமும் பாடிக்கொண்டிருக்கிறது. அதன் பேரைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். எனக்கு அதுதான் ஆதங்கம்.

வைக்கோல் நிறத் தலையும் முகத்தில் மீசை போல ஒரு கறுப்புக் கோடும் கொண்ட பெரிய புல்புல் அது. ஜோடியாகச் சேர்ந்து பாடும். இனிமையான, கணீரென்ற குரல், அந்தக் குரலே அதற்கு எமனாகிவிட்டது. கூண்டில் வைத்துக் கேட்கவும் பாட்டுப் போட்டிக்கு விடவும் ஆசைப்பட்டுப் பிடித்துப் பிடித்தே, தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் செய்துவிட்டார்கள். காடு அப்படியே நின்ற இடங்களில்கூடப் பறவை மட்டும் காணாமல் போயிற்று.

உராங் உத்தான் கதை வேறு. செம்பனைத் தோட்டத்துக்காகக் காட்டை அழித்தார்கள், 2015இல் நாம் மூச்சுத் திணறிய புகைமூட்டத்தின்போது இந்தோனேசியாவின் கலிமந்தானில் அதன் வீடே எரிந்தது. அப்புறம், ஒரு தாய் 7, 8 ஆண்டுக்கு ஒரு முறைதான் குட்டி போடும். வளர்ப்பதற்கென்று குட்டியைப் பிடிக்கத் தாயைக் கொல்வதும் நடக்கிறது. இழந்ததை ஈடுகட்ட ஒரு தலைமுறை போதாது. சுமத்ராவின் பத்தாங் தோரு காட்டிலுள்ள தபனுலி வகையை அறிவியல் உலகம் தனி இனமாக அறிவித்ததே 2017இல்தான், அதற்குள் 800க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தன.

சரி, இரண்டுமே 'மிக அருகிய இனம்' என்ற ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. ஆனால் புல்புல்லுக்கு நாம் இப்போதே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிடிப்பதை நிறுத்தினால் அது தானாகப் பெருகும், பெரிய காடுகூட வேண்டாம், நீரோரப் புதரும் காட்டோரமும் போதும். உபினில் 2001க்கும் 2016க்கும் இடையே அதன் எண்ணிக்கை கூடியிருக்கிறது. இன்று உலகில் எஞ்சியவற்றில் கணிசமான பங்கு, குறைந்தது 200 பறவைகள், இந்தச் சின்னத் தீவு நாட்டில்! 2022இல் பனாமாவில் நடந்த, அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய அனைத்துலக (CITES) மாநாட்டில் அதன் அனைத்துலக வணிகத்துக்குக் கடுமையான தடையும் வந்துவிட்டது.

அதனால், உபினில் அதைப் பார்த்தால் ஆசை தீரக் கேளுங்கள், படமும் எடுங்கள், ஆனால் கூடு இருக்கும் இடத்தை மட்டும் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், வலை விரிப்பவர்களும் அதைப் படிப்பார்கள். கண்ணியோ வலையோ கண்ணில் பட்டால் உடனே தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தகவல் கொடுங்கள்.