ஒனைடா மக்களின் வெள்ளை மக்காச்சோள அறுவடை: பிள்ளைகளுக்கும் வேலை உண்டு

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிரீன் பே நகரை ஒட்டிய ஒனைடா பூர்வகுடிகளின் ஊரில் நிற்கிறேன். அக்டோபர் குளிர். காற்று மைக்கில் இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரியும் குவியல் முழுக்க வெள்ளை மக்காச்சோளம், எல்லாம் கையால் ஒடித்தது.

வேலை தொடங்கும் முன் ஒரு பெரியவர் நன்றியுரை சொன்னார். மனிதர்கள், மண், நீர், மீன், செடிகொடி, பறவை, காற்று, இடி, சூரியன், நிலா, விண்மீன்கள் என்று ஒவ்வொன்றையும் அழைத்து நன்றி சொல்கிறார்கள். அதை நான் படம் பிடிக்கவில்லை. வேடிக்கை காட்டும் பொருளாக அது எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கதிரைப் பாருங்கள். மடலை முழுவதும் உரிப்பதில்லை. முரட்டு வெளிமடலைக் களைந்துவிட்டு, உள்ளே இருக்கும் மெல்லிய மடல்களைப் பின்னால் மடக்கிவிடுகிறார்கள். அந்த மடல்களைக் கொண்டு கதிரோடு கதிரைச் சேர்த்து நீளச் சடையாகப் பின்னுகிறார்கள். உத்தரத்தில் தொங்கவிட்டால் எல்லாப் பக்கமும் காற்றுப்பட்டுக் காயும், பூஞ்சை பிடிக்காது. திரட்சியான கதிர்கள் விதைக்குப் போய்விடும்.

பிள்ளைகளை உட்காரவைத்து யாரும் பாடம் நடத்தவில்லை. பொடியன்கள் மடல் உரிக்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள் பாட்டிமார் பக்கத்தில் அமர்ந்து கதிரை எடுத்துக் கொடுக்கிறார்கள். கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டத்தில் தாங்களே பின்னத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு சிறுமியின் சடை கோணல்மாணலாக வந்தது. யாரும் அவிழ்க்கவில்லை, மற்றவற்றோடு சேர்த்து மாட்டிவிட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. நம்மில் பலர் பிடுங்கித் திருத்தியிருப்போம்!

கழித்த மடலில் பொம்மை செய்கிறார்கள். அதற்கு முகம் கிடையாது. தன் அழகைத் தண்ணீரில் பார்த்துப் பார்த்து, பிள்ளைகளோடு விளையாடும் கடமையை மறந்த பொம்மையிடமிருந்து முகம் பறிக்கப்பட்டதாம்.

இவர்களுடைய முன்னோர் 1820களில் நியூயார்க் பகுதியிலிருந்து இங்கே வந்தவர்கள். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று அமெரிக்க அரசு 1879இல் பென்சில்வேனியாவில் திறந்த கார்லைல் உறைவிடப் பள்ளிக்கு ஒனைடாப் பிள்ளைகளும் அனுப்பப்பட்டார்கள். அங்கே முடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய எவ்வளவோ அப்படித்தான் அறுந்துபோனது. அதனால் இன்று இந்தக் கூடத்தில் சில பெரியவர்களும் சிறுவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பின்னக் கற்கிறார்கள்.

சமையலைச் சொல்லாமல் விட மனமில்லை. காய்ந்த மணிகளை மரச்சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்துப் பலமுறை அலசுகிறார்கள். தோல் கழன்றுவிடும். அதைவிட முக்கியம், சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நயாசின் என்ற வைட்டமின் உடலில் சேரும். ஐரோப்பியர் சோளத்தை எடுத்துச் சென்றார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பிப் பிழைத்த ஸ்பெயின், இத்தாலி ஏழைகளை, நயாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது.

உள்ளே பீன்ஸ் சேர்த்த சோள சூப் கொதிக்கிறது, அழைக்கிறார்கள். நான் போகிறேன்.