இரவு ஒன்பது மணி வரைக்கும் ரெண்டு விளக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது. அன்றைக்கு மைக் இரைந்ததால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று சொன்னார்கள், அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, மாநகராட்சி மண்டலத் தலைவர் அவர்களே, கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் ஐயா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, பந்தல் செலவையும் மைக் செட்டு செலவையும் தன் தலையில் போட்டுக்கொண்ட நம் ஏற்றுமதி நண்பரே (பெயரைச் சொல்லக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், சொல்லவில்லை), வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய தம்பிக்கும் நன்றி. அடுத்த வருசம் அந்தக் காசுக்கு நாலு டப்பா சாக்பீஸ் வாங்கிக் கொடுத்துடு கண்ணு, என் வீட்டில் பொன்னாடை வைக்க இடமில்லை.

நான்கு விஷயம் பேசச் சொன்னார்கள். பிள்ளைகளின் மதிப்பெண், அவர்கள் வருகிற வீடு, தாய்மொழி தமிழ் இல்லாத பிள்ளைகள், ஆசிரியர் காலியிடம். பதினைந்து நிமிசம் கொடுத்திருக்கிறார்கள். பார்ப்போம்.

முதலில் மதிப்பெண். 2024 பிளஸ் டூ முடிவில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் நம் திருப்பூர், 97.45 சதவீதம். மாநிலம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் 94.56, அரசுப் பள்ளிகள் மட்டும் என்றால் 91.02. பெண் பிள்ளைகள் 96.44, பையன்கள் 92.37. அந்த நாலு சதவீத வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மறந்துவிடலாம். இந்தச் சதவீதம் பரீட்சை எழுதினவர்களை வைத்துப் போடுகிற கணக்கு. பத்தாவது முடித்த கையோடு பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போன பையன் இதில் எங்கேயும் வரமாட்டான். அவனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கையில் சம்பளம் வந்துவிடுகிறது. படிச்சா என்ன கிடைக்கும் என்று அவன் கேட்டால் பதில் சொல்ல நமக்கு ரெண்டு வருசம் ஆகும், சூப்பர்வைசர் ஆறே நாளில் பதில் சொல்லிவிடுகிறார்.

என் அப்பத்தா ஒரு பழமொழி சொல்லும், நீங்களும் கேட்டதுதான். சுவர் இருந்தால்தான் சித்திரம். நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்கிறேன் என்று என் வீட்டம்மா கேலி பண்ணுவார். பண்ணட்டும்.

அடுத்தது வீடு. நான் இங்கே படித்தபோது கூட உட்கார்ந்திருந்தவன் காடு தோட்டம் வைத்திருந்த விவசாயி மகன், தறிக்காரர் மகன், மில் தொழிலாளி மகன். இன்றைக்கு வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் தேனி, திண்டுக்கல், மதுரை, திருவாரூர் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள், அப்புறம் ஒடிசா, பீகார். உள்ளூர்க்காரர்கள் வசதி வந்ததும் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டோம். உங்களில் யாருடைய பிள்ளை இங்கே படிக்கிறது, கை தூக்குங்கள் என்று கேட்க மாட்டேன். என் கையும் கீழேதான் இருக்கும்.

இப்போது அந்த ஏ.டி.எம். கதையைச் சொல்லியாக வேண்டும், சிலர் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். போன தீபாவளிக்கு முந்தின மாசம், ராத்திரி பத்தரை மணி இருக்கும். மருந்துக் கடைக்குக் காசு வேண்டும் என்று போனேன். கண்ணாடிக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பையன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். நான் பயந்துவிட்டேன், அவனும் பயந்துவிட்டான். திருடனோ என்று நான் நினைக்க, வாட்ச்மேனோ என்று அவன் நினைக்க, கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் முழித்துக்கொண்டு இருந்தோம். அப்புறம் அவனே எழுந்து, "பணம் இல்லீங்கய்யா, காலையிலதான் வெப்பாங்க, நீங்க பெட்ரோல் பங்க் பக்கம் இருக்கிறதுக்குப் போங்க"ன்னான். மடியில் வேதியியல் புத்தகம். நம்ம பள்ளிக்கூடத்துப் பையன், பன்னிரண்டாவது!

ஏன்டா சாமி இங்கே என்றேன். லைன் வீடுங்க, ஒரே ரூமுங்க, அப்பா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வந்து லைட்டை அணைச்சுப் படுத்துக்குவாருங்க என்றான். இங்கே லைட் அணையாது, ஏ.சி. வேற ஓடுது. காசு எடுக்கத் தெரியாத பெரியவர்கள் வந்தால் அவன்தான் பட்டனைச் சொல்லிக்கொடுப்பானாம். "ஆனா நம்பர் அடிக்கிறப்போ திரும்பிக்குவேனுங்க" என்று நான் கேட்காமலே சொன்னான். பேங்க்காரர் கொடுக்காத சேவையை நம் பையன் கொடுத்திருக்கிறான், கைதட்டலாம்.

கைதட்டினது போதும். அந்த வீட்டில் அவனுக்கு ஒரு தங்கச்சியும் உண்டு, ஒன்பதாவது. அவள் எந்த ஏ.டி.எம்.முக்குப் போவாள்? பத்துக்குப் பத்து அறையில் கேஸ் அடுப்பு, டி.வி., கட்டில், நாலு பேர். பக்கத்து வீட்டில் இருமினால் இந்த வீட்டில் தண்ணீர் எடுத்து நீட்டலாம், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று அப்பத்தா சொன்னது இந்தச் சுவரை இல்லை.

திட்டங்களைக் குறை சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த வருசமே பொறியியலுக்கும் வந்தது. கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண்ணில், 2024 ஆகஸ்டிலிருந்து பையனுக்கும் தமிழ்ப் புதல்வனில். எல்லாம் நல்லது. ஆனால் எல்லாமே பன்னிரண்டாவதைத் தாண்டினவர்களுக்கு. தாண்டுவதற்கு உட்கார்ந்து படிக்க ஒரு இடம் வேண்டாமா?

அதனால்தான் அன்றையிலிருந்து ஒரே மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். மைதானத்தை ஒட்டின ரெண்டு வகுப்பறை, ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்க வேண்டும். டியூசன் வேண்டாம், ஆசிரியரும் வேண்டாம், அவர்களுக்கும் வீடு இருக்கிறது. ஒன்று பையன்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. பெண் பிள்ளைகள் வீடு திரும்ப, அந்தந்த லைன் வீட்டு அம்மாக்களில் ஒருவர் வந்து மொத்தமாகக் கூட்டிக்கொண்டு போவார்கள், பேசிவிட்டேன். பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்கள். நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன், அதற்குப் படிவம் இல்லையாம்.

ஒடிசாப் பிள்ளைகள் தமிழ்ப் பாடம் எழுதப் படுகிற பாட்டைச் சொல்ல வந்தேன், காலியிடமும் அப்படியே நிற்கிறது. தலைமை ஆசிரியை அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், அடுத்த வருசம் கூப்பிட்டால் சொல்கிறேன்.

கரண்ட் பில்லை ஏற்றுமதி நண்பர் பார்த்துக்கொள்கிறேன் என்று இப்போது காதில் சொன்னார். பள்ளி மேலாண்மைக் குழுவில் வருகிற வெள்ளிக்கிழமை தீர்மானம் வருகிறது, மண்டலத் தலைவர் அவர்கள் அன்றைக்கு வர வேண்டும். சுவரும் கூரையும் ஏற்கெனவே இருக்கிறது, பூட்டைத் திறக்கத்தான் ஆள் தேவை. மேடைக்கு இடதுபக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒரு நாள் வந்து காவலுக்கு உட்கார்ந்தால் போதும். திங்கட்கிழமை நான். செவ்வாய்க்கு இன்னும் யாரும் பெயர் எழுதவில்லை.